கற்பூரம் அணைக்காதவள்

தீர்த்தம்மாள் தன் ராகியைப் பாறையில் போட்டுத்தான் அடித்தாள். குருவிக்கல்பட்டியில் களம் இல்லையா என்றால், இருந்தது. ஊரை ஒட்டிச் சாணம் மெழுகி வழவழவென்று கிடந்த பொதுக்களம். ஊரில் எல்லா வீட்டுக் கதிரும் அங்கேதான் உருளைக்கல்லுக்கு அடியில் போகும். அதில் அவள் கால் வைக்கக்கூடாது என்று ஊர் சொல்லி நான்காவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அதனால் கரட்டுக்கு ஏறும் வழியில் இருந்த மொட்டைப் பாறையில் கதிரைப் பரப்பித் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். பாறையில் அடித்தால் கால்பங்கு இடுக்குக்குப் போகும். எறும்பு ஒரு பக்கம் இழுக்கும், காடை ஒரு பக்கம் பொறுக்கும். மிஞ்சியதைப் புடைத்து, கல் பொறுக்கி, திரித்துக் களி கிண்டினாலும் வாயில் நறநறவென்று மண் கடிக்கும். கடிக்கும்போதெல்லாம் ஊர்மேல் கோபம் வரும். இரண்டு வேளையும் களிதான்; கோபம் ஆறுவதற்கு நேரம் ஏது?

கோபம் அவளோடு கூடப் பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் நிஜம். ஏரியூர்ப் பக்கத்தில் பிறந்தபோது அவளுக்கு இருந்தது கோபமில்லை, வாய். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பொண்ணு ரொம்பப் பேசுமோ என்று கேட்டு வைத்தார். உள்ளே இருந்து, பேசும், மாப்பிள்ளைக்குக் காது கேக்குமான்னு நீங்க சொல்லுங்க என்று பதில் வந்தது. கூடத்தில் எல்லார் முகமும் இறுகிப்போக, மாப்பிள்ளை நஞ்சப்பன் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அந்தக் குலுங்கலைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டுத்தான் அவள் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்தை ஒட்டி. நஞ்சப்பனுக்கு மாது என்று ஒரு தம்பி. கரட்டடியில் இருந்த மேட்டுக்கொல்லையும், ஊரை ஒட்டிய கீழ்க்கொல்லையும் அண்ணன் தம்பிக்குச் சொத்து. மழை பெய்தால் ராகியும் கொள்ளும் விளையும், பெய்யாவிட்டால் ஆமணக்கு விளையும். நல்லது கெட்டது எதுவானாலும் ஊருக்குப் பேசுகிறவர் மணியக்காரர் சென்னப்பன். சர்க்காருக்கு ஊரிலிருந்து பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

அந்தப் பக்கத்தில் ராகியை மூட்டையில் வைப்பதில்லை. களத்து ஓரத்தில், கெட்டியான செம்மண்ணில், பானை போல வாய் குறுகி வயிறு பெருத்த குழியை வெட்டி அதில் கொட்டி, கற்பலகையால் மூடி, மேலே மண் பூசிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ராகி எத்தனை வருஷமானாலும் கெடாது. பூச்சி உள்ளே போனால் அதுதான் சாகும். நஞ்சப்பன் வீட்டுக் குழியை வெட்டியவளே தீர்த்தம்மாள்தான். நஞ்சப்பனுக்குத் தோள் அகலம். குறுகின வாய்க்குள் இறங்கினால் அவனால் மண்வெட்டியை வீச முடியவில்லை. இவள் இறங்கி வெட்டினாள், அவன் மேலே நின்று மண்கூடையை இழுத்தான்.

"நீ உள்ளேயே இருந்துக்க தீர்த்தா, மேல கொஞ்ச நாளைக்கு அமைதியா இருக்கும்" என்று அவன் மேலே இருந்து சொல்ல, "இருந்துக்கறேன், களி கிண்டறதுக்கு மணியக்காரரைக் கூப்புட்டு வெச்சுக்க" என்று இவள் கீழே இருந்து சொல்ல, அவன் சிரித்ததில் கயிறு தளர்ந்து ஒரு கூடை மண்ணும் அவள் தலையில் விழுந்தது. கடைசியில் ஆவாரங்குச்சியைப் போட்டு உள்ளே நெருப்பு வளர்த்துச் சுவரைச் சுட்டெடுத்தார்கள். பத்து வருஷம் அந்தக் குழி அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

குழியைத் திறந்ததும் உள்ளே இறங்கக்கூடாது. அடைந்து கிடந்த காற்று ஆளைக் கொன்றுவிடும். மூச்சு முட்டுகிறது என்று தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் ஊர்கள் உண்டு. குருவிக்கல்பட்டியில் விளக்கு இல்லை, தழைதான். குழியைத் திறக்கும்போதே ஒரு பச்சை ஆமணக்குத் தழையை வாயோரத்தில் செருகிவிட வேண்டும். பொழுது போய்ப் பொழுது விடிந்து, தழை கருகித் தொங்கினால் குழி ஆறிவிட்டது, இறங்கலாம். திறந்தவன் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. தழை சொல்லிவிடும். அது பொய் சொல்லி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம். உலகத்துச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டில் ராகி தீர்ந்துவிட்டது. நஞ்சப்பன் காலையில் குழியைத் திறந்து தழையைச் செருகிவிட்டு, ஒற்றை மாட்டுக்கு ஜோடி தேடிக் காரிமங்கலம் சந்தைக்கு நடந்தான். மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். தீர்த்தம்மாள் முதல் நாளே தூரமாகி, ஏரிக்கரைக்கு அப்பால் அந்த நாட்களில் பெண்கள் தங்கும் குடிசைக்குப் போயிருந்தாள். பத்து வயது மகள் குள்ளம்மாள் ஏரியூரில் மாமன் வீட்டில் இருந்தாள்.

மறுநாள் காலை வெயில் ஏறும்போது மாதுவின் மனைவி ராமக்கா குடிசைக்கு ஓடிவந்து, தள்ளி நின்றுகொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தீர்த்தம்மாள் களத்தில் இருந்தாள். நஞ்சப்பனைக் குழியிலிருந்து கயிறு போட்டு எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள், உதறிவிட்டுப் போனாள்.

அழுதுகொண்டே அவள் கண் இரண்டு விஷயங்களைப் பார்த்தது. நஞ்சப்பனின் தோளிலும் தலைமயிரிலும் வைக்கோல் ஒட்டியிருந்தது. ஆனி மாதத்தில் களத்தில் வைக்கோலுக்கு என்ன வேலை? இன்னொன்று, குழிவாயில் செருகியிருந்த தழை. கருகியிருந்தது, ஆனால் தொங்கிச் சுருளவில்லை. பாயைப் போட்டு மேலே படுத்து எழுந்தது போலத் தட்டையாக அழுந்தியிருந்தது. பார்த்தாளே தவிர, அன்றைக்கு எதையும் யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

சென்னப்பன் நெஞ்சுவலி என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். வெளியூருக்கு அது போதும். ஊருக்குள் அது போதவில்லை. தழை கருகியிருந்தது, குழி ஆறியிருந்தது, ஆள் செத்துவிட்டான். அப்படியானால் காரணம் குழியில் இல்லை. பதினாறாம் நாள் முனியப்பன் கோயில் முன்னால் ஊர் கூடியபோது காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். தூரமான பெண் களத்துப் பக்கமே போகக்கூடாது, குடிசைக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தீர்த்தம்மாள் களத்தின் குறுக்கே நடந்து, மூடியிருந்த தன் வீட்டுக் குழியைத் தாண்டிப் போனாளாம். குழியில் குடியிருக்கும் அம்மா பலி கேட்டுவிட்டாளாம். பார்த்தது யார் என்று அவள் கேட்டாள். மாது எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, நான் பார்த்தேன் என்றான்.

அவள் களத்தைத் தாண்டவில்லை. புளியமரங்களுக்குப் பின்னால் சுற்றித்தான் போனாள். மாது அவளைப் பார்த்திருக்கவே முடியாது. இதை அவள் சொன்னபோது, புருஷனைத் தின்றுவிட்டு வாய் வேறு பேசுகிறாள் என்றார்கள். அன்றிலிருந்து களம் அவளுக்கு இல்லை. களம் இல்லாதவளுக்குக் கொல்லை எதற்கு என்று கீழ்க்கொல்லையை மாது உழுதான். விளைச்சலில் ஒரு பங்கை ராமக்கா முறத்தில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். தீர்த்தம்மாள் மேட்டுக்கொல்லையை மட்டும் விடவில்லை. அதில் விளைந்ததைத்தான் பாறையில் அடித்தாள்.

பட்டினி கிடந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. தன் புருஷனை விழுங்கியது தன் கால் என்று ஒரு ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்க, அந்த ஊரிலேயே தண்ணீர் சேந்தி, தூங்கி எழுந்து, மகளை வளர்க்க வேண்டும். சாணி தட்டும்போது ஒருநாள் குள்ளம்மாள், "ஏம்மா, நீ சுத்திக்கிட்டே போயிருக்கலாமில்ல?" என்று மெல்லக் கேட்டாள். தீர்த்தம்மாள் கையில் இருந்த சாணியைச் சுவரில் வீசி அடித்தாள். மகளை ஒன்றும் சொல்லவில்லை. ஊரின் பேச்சு தன் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் எல்லாரையும் கேட்க ஆரம்பித்தாள். கிணற்றடியில் கேட்டாள், வண்ணான் துறையில் கேட்டாள், மாடு மேய்க்கிறவர்களை நிறுத்திக் கேட்டாள். அவர் செத்ததற்கு முந்தின நாள் ஊரில் என்ன நடந்தது? இதுதான் கேள்வி. கேட்டவுடன் எல்லார் முகமும் ஒரே மாதிரி மாறியது. ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள், அல்லது ஞாபகமில்லை என்பார்கள், அல்லது குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். செத்த அன்றைக்கு நடந்ததை அணுஅணுவாகச் சொல்கிறவர்கள் முந்தின நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் முழுவதும் ஊருக்கே எப்படி மறந்துபோகும்? பொய் சொல்கிற ஆட்களை அவளுக்குத் தெரியும். ஒருவன் கூட்டிச் சொல்வான், ஒருவன் குறைத்துச் சொல்வான். இது அப்படி இல்லை. ஊருக்கே ஒரே ஒரு வாய் இருப்பது போல இருந்தது. அந்த வாயை யாரோ தைத்து வைத்திருந்தார்கள்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒரு ஐப்பசி மாதம், ஆமணக்கு முத்து விற்கக் காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்தாள். விற்று முடித்து, திரும்பிப் போக வண்டி கிடைக்குமா என்று பார்த்தபோது சவுரியப்பன் என்ற வாடகை வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வெற்றிலையும் வாயும் ஓய்வதில்லை. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னாள்.

"குருவிக்கல்பட்டியா? அடடா, உங்க ஊர்க் களத்துல என் மாடு ஒரு ராத்திரி மெத்தை போட்டுப் படுத்துச்சுங்கம்மா. இன்னி வரைக்கும் வேற எந்த ஊர்லயும் அதுக்கு அப்படி ஒரு மரியாதை கெடைக்கல."

அவள் சிரிக்கவில்லை. எப்போது என்று கேட்டாள்.

"சண்டைக் காலத்துலங்க. ஊர் ஊரா ராகி எவ்வளவு இருக்குதுன்னு பாத்து சர்க்காருக்கு எடுக்க ஒரு ஐயா வந்தாரு, அவருக்கு நான்தான் வண்டி. மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். மணியக்காரரு கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு, ஊர்ல ராகியே இல்லைங்கறாரு. களம் பூரா வைக்கோலு. ஆனி மாசத்துல எவனாவது களத்துல வைக்கோலப் பரப்புவானாங்க? மாட்ட அவுத்து அதுலயே கட்டினேன். அது காலை மாத்தி வெச்சா கீழ டொங்கு டொங்குன்னு சத்தம் வருது. எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஐயாவுக்குப் புரியல. நான் எதுக்குங்க சொல்லணும், எங்க வூட்டுலயும்தான் குழி இருக்குது." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "விடியறப்போ கெளம்பிட்டோம். பாவம், நாங்க காரிமங்கலம் வந்து சேர்ற நேரத்துக்கு, உங்க ஊர்ல யாரோ குழியில செத்துட்டாங்கன்னு பின்னாலயே சேதி வந்துச்சு. யாருங்கம்மா அது?"

"என் வூட்டுக்காரருங்க."

சவுரியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வண்டியில் ஏறுங்க தாயி, கூலி வேண்டாம் என்றார். அவள் ஏறவில்லை. நடந்தே வந்தாள்.

நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. நஞ்சப்பன் குழியைத் திறந்துவிட்டுப் போன அன்று மத்தியானமே அதிகாரி வந்திருக்கிறார். ஊரில் திறந்திருந்த குழிகளையெல்லாம் அவசரமாக மூடி வைக்கோலைப் பரப்பியிருக்கிறார்கள். நஞ்சப்பனின் குழியையும் யாரோ மூடியிருக்கிறார்கள். தழை வைக்கோலுக்கு அடியில் அழுந்திக் கருகியிருக்கிறது. குழி ஆறவேயில்லை. விடிந்து அதிகாரி போனதும் வைக்கோலை வாரிவிட்டுப் பலகையை நகர்த்தி, அந்தப் பழைய தழையையே எடுத்துத் திரும்பச் செருகியிருக்கிறார்கள். சந்தையிலிருந்து நேராக வந்தவன் தழையைப் பார்த்தான், நம்பினான், இறங்கினான்.

ஊர் முழுவதற்கும் இது தெரியும். குழியைச் சுற்றி நின்று அழுத ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவள் களத்தைத் தாண்டினாள் என்றார்கள். ஊர் எல்லையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தன் தொடையைத் தானே அறைந்துகொண்டாள். கண்ணீர் வரவில்லை. இத்தனை வருஷம் அவளுக்குள் ஒரு மூலையில், ஒருவேளை நிஜமாகவே தன் நிழல் ஏதாவது களத்தில் பட்டிருக்குமோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தையும் அவர்கள்தான் கொடுத்தார்கள். அதை நினைத்தபோது உடம்பே கொதித்தது.

மறுநாள் ராமக்கா முறத்தில் ராகி கொண்டுவந்தாள். தீர்த்தம்மாள் வாசலை மறித்து நின்றாள். அதிகாரி வந்த அன்றைக்கு எங்கள் குழியை மூடினது யார் என்று கேட்டாள். எந்த அதிகாரி என்றாள் ராமக்கா. தீர்த்தம்மாள் வைக்கோலைச் சொன்னாள், மாடு படுத்ததைச் சொன்னாள். ராமக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கற்பூரத்தை அணைச்சிருக்கோம். என்னக் கேக்காதக்கா" என்றாள்.

அந்த ஊரில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சத்தியத்தை மீறினால் வம்சம் அழியும். அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததுமே சென்னப்பன் ஊரை முனியப்பன் முன்னால் நிறுத்தியிருக்கிறார். குழி மூடின இந்த நாளைப் பற்றி யாரும் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று ஆணும் பெண்ணும் அணைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் கையைக்கூடப் பிடித்து அணைக்க வைத்திருக்கிறார்கள். ராகிக்காகச் செய்த சத்தியம். மறுநாள் அதற்குள் ஒரு பிணமும் வந்து விழுந்துவிட்டது.

"ராகியை ஒளிச்சதுக்குச் சத்தியம் பண்ணினீங்க, சரி. என்மேல பழி போடறதுக்குமா பண்ணினீங்க?"

ராமக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம். "எங்களையே சொல்லு. உன் வூட்டுக்காரருக்கு என்ன அவசரம்? எறங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? இவரு தழையைச் செருகிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து சொல்லலாம்னுதான் இருந்தாரு. அதுக்குள்ள போய் எறங்கினா நாங்க என்ன பண்றது?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தழையைச் செருகினது மாது. அவளைப் பார்த்தேன் என்று சொன்னதும் மாது. தீர்த்தம்மாள் முறத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டுப் போ. இனிமே கொண்டாராதே. நீ சத்தியத்தை மீறல, பயப்படாதே. எனக்கு ஏற்கெனவே தெரியும்."

அன்றைக்கே போய் மாதுவின் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஒற்றையில் கேட்டால் ஒற்றையில் அழுவான், ஒற்றையில் மன்னிப்புக் கேட்பான், மறுநாள் களத்துக்குப் போய்விடுவான். ஊர் கூடி எடுத்ததை ஊர் கூடியிருக்கும்போதுதான் திரும்ப வாங்க வேண்டும். அவள் அறுவடை வரைக்கும் பொறுத்தாள். பொறுத்தாள் என்பதுகூடச் சரியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதிர் முற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து களம் நிறைந்த ஒரு முற்பகல். உருளைக்கல் சுற்றிக்கொண்டிருந்தது. மாது தன் மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தான். சென்னப்பன் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் களத்து விளிம்பில் கூட்டமாகப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் தலையில் ஒரு கதிர்க்கட்டு, பின்னால் வந்த குள்ளம்மாள் தலையில் ஒன்று. பாறைக்குப் போகும் வழியில் திரும்பாமல் நேராக வந்து, களத்து நடுவில் ஏறி, கட்டைப் பொத்தென்று போட்டாள். மாடுகள் நின்றன.

சென்னப்பன் குரலை உயர்த்தவில்லை. "தீர்த்தம்மா, எறங்கும்மா. ஊர்க்கட்டு இருக்குது. வெளைஞ்சு கெடக்கறதைத் தீட்டாக்காதே."

"எறங்கறேனுங்க. அதுக்கு முன்னால ஒரு நாளைப் பத்திப் பேசணும்."

அவள் பேசினாள். அதிகாரி வந்ததை, வைக்கோல் பரப்பினதை, குழிகளை மூடினதை, விடிந்ததும் திறந்ததை, வேறு யாரோ செய்ததைப் பற்றிப் பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். களத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. யார் சொல்லிக்கொடுத்தது, யார் சத்தியத்தை மீறினது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் செத்தது எப்படி என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவர்கள் தங்கள் கற்பூரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். சென்னப்பன் எழுந்து நின்று, அந்த நாளைப் பேசக்கூடாது என்று முனியப்பன் முன்னால் கட்டு இருக்கிறது என்றார்.

"அது உங்களுக்குங்க. நீங்க எல்லாரும் கற்பூரத்தை அணைச்சப்போ நான் குடிசையில இருந்தேன், என் வூட்டுக்காரரு சந்தையில இருந்தாரு. ஏரியூர்ல இருந்த என் பொண்ணை விட்டா, சத்தியம் பண்ணாத வாய் இந்த ஊருக்கே ரெண்டுதான். ஒண்ணை மண்ணுல போட்டு மூடிட்டீங்க. இன்னொண்ணு பேசுது, கேளுங்க."

சென்னப்பனின் குரல் இப்போது வேறாக இருந்தது. இன்னும் சர்க்காரில் ராகிக் கட்டுப்பாடு எடுக்கவில்லை, இது வெளியே போனால் ஊரே கம்பி எண்ண வேண்டும், நடந்தது நடந்துபோச்சு என்றார். பிறகு, பெரிய மனசு பண்ணுகிறவர் போல, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அவள் களத்தில் ஏறலாம், ஊர் ஒன்றும் சொல்லாது என்றார். இரண்டு மூன்று பேர் அதுதான் சரி என்று அவசரமாகத் தலையாட்டினார்கள்.

"எதுக்குங்க மஞ்சத்தண்ணி? அழுக்கு யார் மேல இருக்குதோ அவங்க ஊத்திக்கட்டும். நான் வெளிய போய்ச் சொல்ல மாட்டேன். அன்னிக்கு ஒளிச்சதுல என் ராகியுந்தான் இருந்துச்சு, அந்தக் குழியை வெட்டினவளே நான். எனக்கு வேண்டியது ஒரே ஆளோட ஒரே வார்த்தை."

மாது கையிலிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது. அவன் முன்னால் வந்தான். அவள் காலைத் தொடப் போவது போலக் குனிந்தான், அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணி, நான்தான் வெச்சேன். தெறந்த குழி தழை இல்லாம இருக்கக்கூடாதுன்னு, கையில கெடைச்சதை எடுத்துச் செருகிட்டேன். புதுத் தழை ஒடிச்சுக்கிட்டு வரணும்னு தோணவேயில்ல. அண்ணன் அவ்வளவு வெரசா வரும்னு..." பெரிய ஆண்பிள்ளை, களத்து நடுவில் நின்று தேம்பினான்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் இளகியிருப்பாள். ஊர் அதைத்தான் எதிர்பார்த்தது. சில பெண்கள் மூக்கைக்கூடச் சிந்தினார்கள். தீர்த்தம்மாள் அவன் அழுகை ஓயும்வரை நின்றாள்.

"அது தெரியும் மாது. அதை நான் கேக்கல. அவசரத்துல பழைய தழையை வெக்கறது யாருக்கும் நடக்கும், நானே வெச்சிருப்பேன். அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா உன் தலையைப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதிருப்பேன். பதினாறாம் நாள் எழுந்து நின்னு ஒண்ணு சொன்னியே, அதைச் சொல்லு. நான் களத்தைத் தாண்டினதை நீ பார்த்தியா?"

மாது சென்னப்பனைப் பார்த்தான். சென்னப்பன் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"பாக்கல" என்றான்.

"அவங்களுக்குக் கேக்கல" என்று அவள் களத்து விளிம்பில் நின்ற பெண்களைக் காட்டினாள். அவர்களோடு ராமக்காவும் நின்றிருந்தாள், முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு."

அவன் திரும்பினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க அண்ணி களத்தைத் தாண்டல. நான் பாக்கல. பொய் சொன்னேன்" என்றான்.

அதற்குப் பிறகு யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். ஒரு கிழவர், போகட்டும், எல்லாம் கழிந்தது என்று சமாதானமாக ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். எதுவும் கழியவில்லை. இத்தனை பேரும் நாளைக்கும் இதே ஊரில்தான் இருப்பார்கள், அவளும் இருப்பாள். கிணற்றடியில் அவர்கள் சிரித்தால் அவள் சிரிக்க வேண்டியதில்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது; அதற்காக யாருக்கும் நன்றி சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"கீழ்க்கொல்லையை இந்தப் பட்டத்துக்கு நானே உழுதுக்கறேன்" என்று மாதுவிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். கீழே கிடந்த கயிற்றை அவன் எடுக்கப் போனான், அவள் முந்திக்கொண்டாள். ராமக்கா இரண்டடி முன்னால் வந்து, புடைக்க வரட்டுமா அக்கா என்று தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம், போ. உங்களுதை நீ பாரு."

கதிர்க்கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக் களத்தில் உதறினாள். மாடுகள் புதுக் கைக்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தன. வாலை முறுக்கி ஒரு அதட்டல் போட்டதும் நடந்தன. குள்ளம்மாள் இன்னும் தலைச்சுமையோடு களத்து ஓரத்திலேயே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி வேடிக்கை பாக்கற? வந்து அந்தக் கட்டையும் பிரிச்சுப் போடு" என்றாள் தீர்த்தம்மாள்.